கைப்பையில் திரவப் பொருட்கள்: ஹஜ், உம்ரா பயணிகளுக்கு ஒரு விளக்கம்



ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்வோருக்காக நமது பள்ளிவாசல்களிலும் மண்டபங்களிலும் விளக்கக் கூட்டங்கள் நடத்தப்படுகின்றன. இஹ்ராம் அணியும் முறை, தவாஃபின் சுற்றுகள், ஸஃபா மர்வாவுக்கு இடையேயான தொங்கோட்டம், மினாவில் தங்கும் நாட்கள் ஆகியவை படம் வரைந்து கற்பிக்கப்படுகின்றன. மாஷா அல்லாஹ், நல்ல பணி. ஆனால் மக்காவுக்கு முன்னால் மீனம்பாக்கம் இருக்கின்றது. அங்கே என்ன நடக்கும் என்பதைப் பற்றி அரைமணி நேரம்கூட எவரும் பேசுவதில்லை.

காஞ்சிபுரத்திலிருந்து வேன் பிடித்து, சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் கடந்து சென்னை விமான நிலையத்தை அடைகின்ற பயணியின் கைப்பை, பாதுகாப்புச் சோதனையில் ஊடுகதிர் இயந்திரத்தின் வழியே செல்கின்றது. அதிலிருந்து வீட்டு நெய், மலைத்தேன், எலுமிச்சை ஊறுகாய், கைகால் வலித் தைலம், பாதி தீர்ந்த தலைக்கு வைக்கும் எண்ணெய் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுக்கப்படுகின்றன. அவை குப்பைத் தொட்டிக்குச் செல்வதைக் காணும் வயதான தாய்மார்களின் முகம் வாடிவிடுகின்றது. நெய்யும் தேனும் போனால் போகட்டும். அவற்றை மறுபடியும் வாங்கிக்கொள்ளலாம். இதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று உண்டு. "தண்ணீர் மாதிரி எதுவும் கையில் இருக்கக் கூடாதாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அஞ்சி, சர்க்கரை நோயுள்ள தாயாரின் இன்சுலினைப் பெரிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகின்ற பிள்ளைகள் இருக்கின்றார்கள். விதியை அறியாதவர் பொருளை இழக்கின்றார்; விதியை அரைகுறையாக அறிந்தவர் உடல்நலத்தையே இழக்க நேரிடும். இக்கட்டுரை எழுதப்படுவதன் காரணம் இதுவே.

இவ்விதி எப்படி வந்தது?

2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள், இங்கிலாந்துக் காவல்துறை ஒரு சதித்திட்டத்தை முறியடித்ததாக அறிவித்தது. லண்டனிலிருந்து அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் செல்லும் விமானங்களில், குளிர்பானப் புட்டிகளுக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ந்த திரவ வெடிபொருளை நிரப்பிக் கொண்டு செல்வது அத்திட்டம். அன்றிலிருந்து சில வாரங்கள், தண்ணீர்ப் புட்டி முதல் பற்பசை வரை எதையும் விமானத்திற்குள் கொண்டு செல்ல இயலவில்லை. பின்னர் தடை சற்றுத் தளர்த்தப்பட்டு, அமெரிக்காவில் 2006 செப்டம்பர் இறுதியிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அவ்வாண்டு நவம்பர் 6ஆம் நாளிலும் 100 மி.லி. என்னும் அளவு நடைமுறைக்கு வந்தது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, 2007 மார்ச் முதல் எல்லா நாடுகளும் இதனைப் பின்பற்றுமாறு பரிந்துரைத்தது. நமது நாட்டின் பன்னாட்டு விமானங்களுக்கும் அதே விதிதான்.

இதற்கு முன்னரும் ஒரு நிகழ்வு உண்டு. 1994 டிசம்பர் 11ஆம் நாள் பிலிப்பைன்ஸ் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றில், கண்வில்லைக்கான நீர்ப்புட்டியில் மறைத்துக் கொண்டு வரப்பட்ட திரவ வெடிபொருள் வெடித்து ஒரு பயணி உயிரிழந்தார். ஆயினும் விதி வருவதற்கு 12 ஆண்டுகள் ஆயின.

இச்சதிகளில் தண்டனை பெற்றவர்களின் பெயர்கள் நம் பிள்ளைகளுக்கு நாம் சூட்டுகின்ற பெயர்களைப் போன்றவையே என்பது நெஞ்சைச் சுடும் உண்மை. பெயரையும் தாடியையும் பார்த்துக் கூடுதலாக இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டதாகக் கூறுவோர் நம்மிடையே உண்டு; அந்த மனவருத்தத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஊறுகாய்ப் புட்டியை எடுத்து வைப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. பின்னால் வரிசையில் நிற்பவரின் ஷாம்பூ புட்டியும் அதே தொட்டிக்குத்தான் செல்கின்றது. பழைய வகை ஊடுகதிர் இயந்திரம் புட்டியின் வடிவத்தையும் அடர்த்தியையும் காட்டுமேயன்றி, உள்ளிருப்பது தண்ணீரா வேறொன்றா என்பதை உறுதியாகப் பிரித்துச் சொல்லாது. இதனால்தான் பொருளை ஆராய்வதற்குப் பதிலாக அளவைக் குறைத்து விட்டார்கள்.

அளக்கப்படுவது பாத்திரமே

நம் மக்கள் அதிகம் தவறிவிடும் இடம் இதுதான். விதி கணக்கிடுவது புட்டியின் கொள்ளளவை. உள்ளிருக்கும் பொருளின் அளவை அன்று. 200 மி.லி. என்று அச்சிட்ட புட்டியின் அடியில் 20 மி.லி. தேங்காய் எண்ணெய் மட்டுமே இருந்தாலும் அது அனுமதிக்கப்படாது. "கொஞ்சம்தானே இருக்கிறது" என்று வாதாடுவதால் பயனில்லை. அதே எண்ணெயை 50 மி.லி. புட்டிக்கு மாற்றியிருந்தால் எவரும் கேட்கமாட்டார்கள்.

இவ்வாறு 100 மி.லி.க்கு மிகாத புட்டிகள் அனைத்தையும், வாயை மூடித் திறக்கக்கூடிய, ஒளி ஊடுருவும் ஒரு பிளாஸ்டிக் பையில் இட வேண்டும். அப்பையின் கொள்ளளவு 1 லிட்டருக்கு மேற்படக் கூடாது. ஏறத்தாழ 20 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் கொண்டது. ஒருவருக்கு ஒரு பை மட்டுமே. கணவரும் மனைவியும் சென்றால் இருவருக்கும் தனித்தனிப் பை வேண்டும். சோதனையின்போது அதைக் கைப்பையின் அடியில் புதைத்து வைக்காமல், மேலாக வைத்திருந்து, கேட்டவுடன் எடுத்துத் தட்டில் வைத்துவிட்டால் வேலை சுலபம்.

திரவம் என்றால் தண்ணீர் மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. ஊற்றக் கூடியது, தெளிக்கக் கூடியது, பிசுபிசுப்பது, குழைவது யாவும் இதில் அடங்கும். தேன், நெய், தயிர், ஊறுகாய், தக்காளித் தொக்கு, லேகியம், ஜாம், பற்பசை, முகப்பூச்சு, வாசலின், வலி நீக்கும் தைலம், அத்தர் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. நம்மூர் காஞ்சிபுரம் இட்லியைப் பொட்டலமாகக் கட்டிக் கொண்டு செல்லத் தடையில்லை. உடன் வரும் சட்னிதான் மாட்டிக்கொள்ளும். பற்பசையில் கிராம் கணக்கே அச்சிடப்பட்டிருக்கும். 100 கிராமுக்கு மேற்பட்டதைப் பெரிய பெட்டியில் வைத்துவிடுவதே நலம். மிஸ்வாக் குச்சிக்கோ எவ்விதக் கட்டுப்பாடும் இல்லை என்பதை இவ்விடத்தில் நினைவூட்டிக்கொள்வோம்.

உள்நாட்டு விமானங்களில் இவ்விதி இந்த அளவுக்குக் கடைப்பிடிக்கப்படுவதில்லை. குடிநீர்ப் புட்டியுடன் ஏறிச் செல்வோரை நாம் காண்கிறோம். அதனால் ஒரு குழப்பம் ஏற்படுகின்றது. சென்னையிலிருந்து மும்பைக்கோ ஹைதராபாத்துக்கோ சென்று, அங்கிருந்து ஜித்தா விமானம் ஏறுவோர், சென்னையில் அனுமதித்த பொருள் அடுத்த ஊரில் பறிபோவதைக் கண்டு திகைக்கின்றனர். பன்னாட்டுப் பகுதிக்குள் நுழையும்போது பன்னாட்டு விதி வந்துவிடுகின்றது. அண்மைக் காலத்தில் புதிய வகை ஸ்கேனர்களை நிறுவிய சில வெளிநாட்டு விமான நிலையங்கள், எடுத்துக்காட்டாக 2025ஆம் ஆண்டு எடின்பரோ, 2 லிட்டர் வரை அனுமதிக்கத் தொடங்கியுள்ளன. அச்செய்தியைப் படித்துவிட்டு நம்மவர்கள் இங்கே பெரிய புட்டியுடன் வந்து நிற்க வேண்டாம். பயணத்தில் வரும் விமான நிலையங்களில் எது மிகக் கண்டிப்பானதோ அதற்கேற்பவே பை கட்ட வேண்டும்.

மருந்து கையில்தான் இருக்க வேண்டும்

பயண நேரத்தில் தேவைப்படும் மருந்துகளுக்கும், கைக்குழந்தைக்கான பால், உணவு ஆகியவற்றுக்கும் 100 மி.லி. வரம்பு பொருந்தாது. அவற்றை மற்றவற்றுடன் கலக்காமல் தனியே வைத்து, சோதனை செய்பவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருத்துவரின் சீட்டு உடனிருக்க வேண்டும்; அதிலுள்ள பெயர் பாஸ்போர்ட்டிலுள்ள பெயருடன் ஒத்திருக்க வேண்டும். நம் வீடுகளில் இது சிறிய விஷயம் அன்று. பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், மருத்துவமனைச் சீட்டில் வீட்டில் கூப்பிடும் பெயர் என்றிருப்பது வழக்கம். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே மருத்துவரிடம் புதிய சீட்டு எழுதி வாங்கிவிடலாம்.

இன்சுலினைப் பொறுத்தவரை, கைப்பையில் வைக்க அனுமதி உண்டு என்பதோடு மட்டும் நின்றுவிடக் கூடாது. அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கு அறையில் குளிர் மிகுந்து இன்சுலின் ஒருமுறை உறைந்துவிட்டால், பின்னர் உருகினாலும் அதன் வீரியம் நம்பத்தக்கதன்று. பார்வைக்குத் தெளிந்த நீர்போல் இருக்கும், ஊசியும் போடப்படும், சர்க்கரை மட்டும் குறையாது. அப்பெட்டி வேறு விமானத்தில் சென்று இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சியில் வைக்க வேண்டும் என்பதால், குளிர் காக்கும் சிறு பை ஒன்று வாங்கிக்கொள்வது நன்று. அதிலிடும் குளிர்க்கட்டியும் குழைவுப் பொருள்தான் என்பதால், மருந்துக்கானது என்று சேர்த்தே சொல்லிவிட வேண்டும். இன்சுலின் குப்பி அக்கட்டியை நேராகத் தொடாதபடி துணி சுற்றி வைக்க வேண்டும். ஊசிகளும் மருத்துவச் சீட்டும் அதே பையில் இருக்கட்டும். மக்காவின் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் என்பதால் அங்கு போய்ச் சேர்ந்த பின்னும் அப்பை உதவும்.

பிறர் தரும் புட்டி

ஒருவர் பயணம் புறப்படுகிறார் என்று தெரிந்தால், ஜித்தாவிலோ ரியாத்திலோ வேலை செய்யும் பிள்ளைக்கு "இதை மட்டும் கொடுத்துவிடுங்கள் பாய்" என்று பொட்டலங்கள் வந்து சேர்கின்றன. ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள் அமானிதம். அதை உரியவரிடம் சேர்ப்பது கடமை. ஆனால் உள்ளே என்ன இருக்கின்றது என்பதை அறியாமல் வாங்கிக்கொள்ளுமாறு மார்க்கம் எவரையும் பணிக்கவில்லை. இருமல் மருந்துகளில் சிலவற்றில் கோடீன் என்னும் போதை தரும் பொருள் உண்டு. இங்கே சாதாரணமாகக் கைமாறுகின்ற வலி மாத்திரைகள் சில, சவூதி அரேபியாவில் கடுமையான கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. நம் அடுக்களையில் குருமாவுக்கு அரைக்கின்ற கசகசாவும் அங்கே தடைசெய்யப்பட்ட பொருள். போதைப் பொருள் கடத்தலுக்கு அந்நாட்டில் மரண தண்டனை வரை உண்டு. பெட்டியைச் சுமந்து வந்தவரே முதலில் பதில் சொல்ல வேண்டும். எனவே கண்முன்னே பிரித்துப் பார்த்து, பெயர்ச்சீட்டு ஒட்டிய, கடையில் முத்திரையிட்ட பொருளாக இருந்தால் மட்டும் ஏற்பதில் முகத்தாட்சண்யம் பார்க்க வேண்டியதில்லை.

பெட்டியில் வைப்பவை

தேனும் நெய்யும் ஊறுகாயும் பெரிய பெட்டியில் செல்லலாம். அங்கே வேறொரு சிக்கல் உண்டு. பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் தரையில் உள்ளதைவிடக் கால்பங்கு வரை குறைகின்றது. புட்டிக்குள் அடைபட்ட காற்று அப்போது விரிந்து, மூடியின் இடுக்கு வழியே எண்ணெயை வெளியே தள்ளும். பிளாஸ்டிக் புட்டியானால், மூடும் முன் சற்று அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூட வேண்டும். மூடியைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் தனித்தனியே கட்டி வைக்க வேண்டும். உறவினருக்கென்று நம்மூர்ப் பட்டுச்சேலை எடுத்துச் செல்வோர் அதே பெட்டியில் நெய்ப் புட்டியை வைக்காதிருப்பது நலம். சரிகையில் எண்ணெய் இறங்கினால் என்ன ஆகும் என்பதை நெசவு ஊராருக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. மண்ணெண்ணெய், பெட்ரோல், பெயின்ட்டில் கலக்கும் தின்னர் போன்றவற்றைப் பெட்டியிலும் வைக்க முடியாது, கையிலும் வைக்க முடியாது.

இஹ்ராமும் வாசனையும்

நேராக ஜித்தா சென்று உம்ரா செய்ய எண்ணுவோர், விமானம் யலம்லம் எல்லைக்கு நேராகக் கடக்கும் முன் இஹ்ராம் நிய்யத் வைத்துவிட வேண்டும். ஆகவே இஹ்ராம் துணி கைப்பையில் இருக்க வேண்டும். அல்லது சென்னையிலேயே அணிந்துவிட வேண்டும். முதலில் மதீனா செல்வோருக்கு இந்த அவசரம் இல்லை; அவர்கள் மதீனாவிலிருந்து மக்கா புறப்படும்போது துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் அணிவார்கள்.

இஹ்ராமுக்கு முன் உடலில் வாசனை பூசிக்கொள்வது நபிவழி. நிய்யத்துக்குப் பின் பூசுவது கூடாது. அத்தர்க் குப்பிகள் பெரும்பாலும் சிறியவை என்பதால் அவை 100 மி.லி. விதியில் சிக்குவதில்லை. சிக்கல் வேறிடத்திலிருந்து வருகின்றது. விமானப் பணிப்பெண் தருகின்ற ஈரத்துணி பல சமயங்களில் வாசனையூட்டப்பட்டது. கழிவறையிலுள்ள சோப்பும் அவ்வாறே. பழக்க தோஷத்தில் அந்த ஈரத்துணியால் முகம் துடைத்துவிடுபவர் பலர். வாசனையற்ற சோப்புத் திரவத்தை 50 மி.லி. புட்டியில் ஊற்றி, அந்தத் திரவப் பையிலேயே வைத்துக்கொண்டால் இப்பிரச்சினை இல்லை. தலையிலும் தாடியிலும் எண்ணெய் தடவுவதை, அது வாசனையற்றதாக இருப்பினும், ஷாஃபிஈ மத்ஹபில் இஹ்ராமின்போது தடுத்துள்ளார்கள். ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர் தமது ஆலிமிடம் எண்ணெய் வகைகளைப் பற்றி விசாரித்துக்கொள்ளட்டும்.

விமானக் கழிவறையில் சுத்தம் செய்யத் தண்ணீர் வசதி போதாது என்பது நம் தாய்மார்களின் பெரிய கவலை. இதற்கு எளிய வழி, வெறும் புட்டி ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொள்வதே. 1 லிட்டர் புட்டியானாலும் உள்ளே ஒரு சொட்டும் இல்லையென்றால் தடையில்லை. சோதனை முடிந்தபின் உள்ளே உள்ள குடிநீர்க் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். கழிவறைத் தரை நனையாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. அடுத்து வருபவர் வழுக்கி விழுந்தால் அதற்கு யார் பதில் சொல்வது?

ஜம்ஜம்

ஆயிஷா (ரலி) அவர்கள் ஜம்ஜம் நீரைத் தம்முடன் எடுத்துச் சென்றதாகவும், நபி (ஸல்) அவர்களும் அவ்வாறு எடுத்துச் சென்றதாக அவர்கள் அறிவித்ததாகவும் திர்மிதியில் பதிவாகியுள்ளது. எனவே ஊருக்குக் கொண்டு வர வேண்டும் என்னும் ஆவல் புதியதன்று. ஒட்டகத்துக்குப் பதில் விமானம் வந்ததால் முறைதான் மாறியிருக்கின்றது.

மக்காவின் குதை பகுதியில் 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மன்னர் அப்துல்லாஹ் ஜம்ஜம் திட்ட ஆலையில், 5 லிட்டர் கேன்கள் அடைக்கப்படுகின்றன. பயணிகள் கொண்டு வருவதற்கு ஏற்கப்படுவது இந்த முத்திரையிட்ட கேனே. நமக்கு நாமே நிரப்பிய புட்டிகளைத் துணிகளுக்கிடையே பெட்டிக்குள் ஒளித்து வைப்பதை ஜித்தா விமான நிலையம் தடுத்துள்ளது. ஸ்கேனில் தெரிந்தால் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள். கைப்பையில் ஒரு லிட்டர் புட்டியாகக் கொண்டு வருவதும் பாதுகாப்பானதன்று. வழியில் துபாயிலோ மஸ்கட்டிலோ கொழும்பிலோ விமானம் மாறுவோர், அங்கு மறுபடியும் சோதனைக்கு உட்பட வேண்டியிருக்கும். புனித நீர் என்பதற்காக அங்கே தனி விதி இல்லை. சுங்கவரியில்லாக் கடையில் வாங்கும் வாசனைத் திரவியத்துக்கும் இதே நிலைதான். கடைக்காரர் முத்திரையிட்டுத் தந்த பையை, ரசீது தெரியும்படி, கடைசி விமான நிலையம் வரை பிரிக்காமல் வைத்திருக்க வேண்டும். இடையில் ஆவலால் பிரித்துவிட்டால் 100 மி.லி. விதி திரும்பவும் வந்து நிற்கும்.

ஹஜ் கமிட்டி வழியாகச் செல்வோருக்குப் பொதுவாக இந்தக் கவலை இல்லை. ஹாஜிகளை இறக்கிவிட்டுத் திரும்பும் விமானங்கள் வெறுமையாக வருவதால், அவற்றிலேயே கேன்கள் முன்கூட்டிக் கொண்டு வரப்பட்டு, ஹாஜிகள் திரும்பும்போது இங்குள்ள விமான நிலையத்தில் தலைக்கு 5 லிட்டர் வழங்கப்படுகின்றது. தனியார் நிறுவனம் வழியாக உம்ரா செல்வோர்தான் விசாரித்து அறிய வேண்டும். பல விமான நிறுவனங்கள் இந்தக் கேனை எடைக் கணக்கில் சேர்ப்பதில்லை, சில சேர்க்கின்றன. 2019 ஜூலையில் ஏர் இந்தியா, ஜித்தாவிலிருந்து ஹைதராபாத், மும்பை, கொச்சி ஆகிய ஊர்களுக்கு வரும் விமானங்களில், சிறிய விமானங்கள் இயக்கப்படுவதால் ஜம்ஜம் கேன்களை ஏற்ற இயலாது என்று அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததும், அனுமதிக்கப்பட்ட எடைக்குள் கொண்டு வரலாம் என்று சில நாட்களிலேயே விளக்கமளித்தது. எனவே பயணச்சீட்டு வாங்கும் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 5 லிட்டர் என்றால் கேனின் எடை நீங்கலாகவே 5 கிலோ என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஜித்தாவில் கேனைக் கவுண்டரில் ஒப்படைக்கும்போது, பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய தாளை அட்டைப் பெட்டியின் மீது ஒட்டிவிடுங்கள். ஒரே நிறத்தில், ஒரே அளவில் நூற்றுக்கணக்கான பெட்டிகள் சென்னையில் சுற்றி வரும்போது, நம்முடையது எது என்று அடையாளம் காண வேறு வழி கிடையாது. வழியில் விமானம் மாறுவோர் கவுண்டரை விட்டு நகரும் முன், பெட்டியில் கட்டிய சீட்டில் சென்னையைக் குறிக்கும் எம்.ஏ.ஏ. என்ற மூன்று எழுத்துகள் கடைசி ஊராக அச்சிடப்பட்டுள்ளனவா என்பதை ஒருமுறை படித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.